கஜா புயல் பின்னணியில் ஒரு சிறுகதை: பிற்பாதி கட்டுரையாகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

உப்பாறு (கேள்வி)

வணக்கம். மூவாயிரம் சொல்லுக்குள் ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் வேதாரண்யத்துக்கு மேற்கே, சதுப்புக்குச் சற்று வடக்கே ஒரு கற்பனை ஊர். அஞ்சம்மாளுக்கு வயது 65. நாற்பது தென்னை, மூன்று மா (ஏறத்தாழ ஒரு ஏக்கர்) நிலம், கொல்லையில் ஒரு கிணறு. கதை கஜா கரை கடந்த இரவில் தொடங்கி மூன்று ஆண்டு கழித்து முடிகிறது. அவர் புயலுக்குப் பின் நட்ட நெட்டை ரகத் தென்னம்பிள்ளையில் முதல் காயைப் பறிப்பது முடிவு.

தொடக்கப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

"நள்ளிரவில் இடி இடித்தது. முழுநிலவைக் கருமேகம் விழுங்கியது. அறுவடைக்குக் காத்திருந்த கதிர்கள் மண்ணில் சாய்ந்தன. கடல் சீற்றம் கொண்டு ஊருக்குள் புகுந்தது. விடிந்தபோது வயலெங்கும் உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது. 'எல்லாம் இந்தக் காலநிலை மாற்றத்தாலதான்' என்றார் அஞ்சம்மாள்."

படித்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: முதல் பாதி சினிமா, பிற்பாதி செய்திக் கட்டுரை. என் கேள்விகள்: காலநிலை என்ற சொல்லே இல்லாமல் அந்த விஷயத்தைக் கொண்டுவர முடியுமா? தகவல் எவ்வளவு வைக்கலாம்? நிலத்தில் உப்பு ஏறுவதைப் போல மெதுவாக நடக்கும் ஒன்றைச் சில பக்கங்களில் எப்படிக் காட்டுவது?

---

கரிச்சான்

நண்பரே, நடையைப் பிறகு பார்க்கலாம். முதலில் நாட்காட்டி. இயற்கையைப் பற்றிய கதையில் வாசகர் நம்பிக்கை உடைவது பெரும்பாலும் தேதியில்தான். உங்கள் பத்தியில் நாலு இடத்தில் உடைகிறது.

கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில். ஐப்பசி முடியும் நாள். தீபாவளி நவம்பர் 6-ல் வந்தது, அமாவாசை அதை ஒட்டி. ஆகவே 15-ஆம் தேதி இரவில் வளர்பிறை அரைநிலா. அது நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும். காற்று உச்சத்தில் இருந்தபோது வானத்தில் நிலவே கிடையாது. "முழுநிலவு" என்று எழுதினால், அந்த இரவை வாழ்ந்தவர்கள் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். கும்மிருட்டுதான் உங்களுக்குக் கிடைத்த வசதி. கண்ணுக்கு வேலையில்லை, காதும் தோலும் மட்டும்தான் என்பதால் விவரணை தானாகவே மாறும்.

அடுத்தது நெல். அந்த ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்கவில்லை. ஜூலை 19-ல்தான் திறந்தது. ஆற்றுப் பாசனம் கடைசியாக எட்டும் கடைமடையில் அப்போது நிலத்தில் இருப்பது சம்பா. நேரடி விதைப்பு என்றால் நவம்பர் நடுவில் அறுபது, எழுபது நாள் பயிர். தூர் கட்டி முடியும் கட்டம், கதிரே வந்திருக்காது. சம்பா அறுவடை தை மாதத்தில்தான். சாய்வதற்குக் கதிர் இல்லாதபோது அந்த வாக்கியம் நிற்காது. பயிர் மூழ்கும், அழுகும், மேலே மட்டையும் கீற்றும் வந்து விழுந்து அமுக்கும். இதைத்தான் காட்ட வேண்டும்.

மூன்றாவது காற்று. புயல் பற்றிய கதைகளில் காற்று ஏதோ ஒரு பக்கமிருந்து "வீசும்", அவ்வளவுதான். நம் பக்கம் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும், கிழக்கிலிருந்து மேற்கே நகரும். அதனால் மையம் ஊருக்கு நேர்மேலே கடந்தால் முதலில் வடக்குக் காற்று, பிறகு ஓய்வு, பிறகு தெற்குக் காற்று. மையம் ஊருக்குத் தெற்கே போனால் வடகிழக்கில் தொடங்கி கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பும். மையம் ஊருக்கு வடக்கே போனால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. உங்கள் கற்பனை ஊர் இந்த மூன்றில் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள், அதற்குப் பிறகு மாற்றாதீர்கள்.

இதனால் கதைக்கு என்ன லாபம்? கோடியக்கரைக்கு மேற்கே கரை தெற்கு பார்த்தது. தரையிலிருந்து கடலுக்கு வடக்குக் காற்று அடிக்கும்வரை தண்ணீர் உள்ளே வராது, பின்வாங்கக்கூடச் செய்யும். காற்று தெற்கே திரும்பிய பிறகுதான் சதுப்பு வழியாக ஏறும். அதாவது ஓய்வு விழுந்து, "விட்டுடுச்சு" என்று ஆட்கள் வெளியே வந்து கீற்றைப் பொறுக்கத் தொடங்கும் நேரத்துக்குப் பிறகுதான் தண்ணீர். கதைக்கு இதைவிட நல்ல வரிசையை நீங்கள் கற்பனையில் செய்ய முடியாது. அதோடு, முதல் காற்றில் வேர் தளர்ந்த மரம் இரண்டாவது காற்றில் எதிர்ப்பக்கம் விழும். ஒரே தோப்பில் சில மரம் தெற்கே தலைவைத்தும் சில மரம் வடக்கே தலைவைத்தும் கிடப்பதை அஞ்சம்மாள் விடிந்ததும் பார்த்தால், இரவு நடந்த வரிசை முழுவதும் வாசகனுக்கு விளங்கிவிடும், நீங்கள் சொல்லாமலே.

இடியைக் குறையுங்கள். மையத்தை ஒட்டிய பகுதியில் இடிமின்னல் பெரும்பாலும் குறைவு. காற்றின் இரைச்சல்தான் எல்லாவற்றையும் மூடும்.

நாலாவது, மறுநாள் காலை வெள்ளை உப்பு. இதை உப்பு தெரிந்த யாராவது வந்து சொல்லட்டும்; அது நடக்கவே நடக்காது என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லி வைக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம்: மழை அளவைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு. வானிலைத் துறைக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. 16-ஆம் தேதி என்று அட்டவணையில் இருப்பது 15 காலை முதல் 16 காலை வரை பெய்த மழை. இதைக் கவனிக்காமல் ஒரு நாள் தள்ளி மழையைப் பெய்ய வைத்த கதைகள் உண்டு.

---

சேற்றுவயல்

உப்பைப் பற்றி நான் எழுதுகிறேன். பிற்பாதி கட்டுரையாவதற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது: உப்பு எப்படி நகர்கிறது என்பது கதைக்குள் இல்லாததால், அதைப் பற்றி "சொல்ல" வேண்டியிருக்கிறது.

கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வயலில் ஏறிய மறுநாள் அது வெறும் கலங்கல் தண்ணீர். வெள்ளை எதுவும் தெரியாது. அதற்குமேல் கார்த்திகை மழை இருக்கிறது. வடிகால் இருந்தால் அந்த மழை உப்பில் ஒரு பங்கைக் கழுவிக்கொண்டு போகும். மார்கழியில் நிலம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். மாசி பிறந்து வெயில் ஏற, அடியில் இறங்கிய உப்பை ஈரம் மேலே இழுத்துக்கொண்டு வரும். தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலே தங்கும். வெள்ளை பூப்பது பங்குனி, சித்திரையில். முதலில் வரப்பு ஓரத்திலும் மேட்டுத் திட்டுகளிலும்தான் தெரியும், ஏனென்றால் காய்வது அங்கேதான் முதலில். புயல் முடிந்து நாலு மாதம் கழித்து, எல்லோரும் நிவாரணக் கணக்கையெல்லாம் பேசி ஓய்ந்த பிறகு, வெயில் நாளில் அந்த வெள்ளை வருகிறது என்பதுதான் உங்கள் இரண்டாம் பாதியின் தொடக்கம். புயல் காட்சியைவிட இதற்கு அதிக இடம் கொடுங்கள்.

மண்ணில் என்ன ஆகும்: சோடியம் ஏறிய களிமண் ஈரத்தில் வழவழவென்று கூழாகும், தண்ணீரை உள்ளே விடாது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கல்லாகும். மண்வெட்டி படும் சத்தமே வேறு. சோடியத்தை மண்ணிலிருந்து விடுவிக்க ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி, வடிய விடவேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டால் பயனில்லை. அஞ்சம்மாள் மூட்டை வாங்கிப் போட்டுவிட்டு, வடிகால் வாய்க்கால் பக்கத்து நிலக்காரர் வழியே போவதால் அவரிடம் போய் நிற்பது ஒரு முழுக் காட்சி. அறிவியல் முழுவதும் அந்த வரப்புப் பேச்சுக்குள் வந்துவிடும்.

அடுத்த சம்பா. நெல் உப்புக்கு இரண்டு கட்டத்தில்தான் அதிகம் அடிபடும்: நாற்றுப் பருவம், பூக்கும் பருவம். இடையில் தூர் கட்டும்போது ஓரளவு தாங்கும். இது எழுதுபவருக்குப் பெரிய கொடை. திட்டுத்திட்டாக முளைக்காமல் போகும், அங்கே நாற்றைப் பறித்துப் போட்டு நிரப்புவார்கள், பயிர் பிடித்து, பச்சை கட்டும், நம்பிக்கை வரும். பிறகு இலை நுனி வெளுத்துச் சுருளும். கதிர் வரும், நிமிர்ந்தே நிற்கும். நிமிர்ந்து நிற்கும் கதிர் என்றால் உள்ளே மணி இல்லை, பதர். தை மாதத்தில் தலை குனியாத கதிரைத் தூரத்திலிருந்து பார்த்தே விவசாயிக்குத் தெரிந்துவிடும். நகரத்திலிருந்து வந்த பேரனுக்கு அது அழகாகத் தெரியும். இருவரும் ஒரே வயலைப் பார்க்கட்டும். விளக்காதீர்கள்.

கிணற்றுக்கு வருவோம். "தண்ணீர் உப்பாகிவிட்டது" என்பது கட்டுரை வாக்கியம். வீட்டில் அது எங்கெல்லாம் தெரியும்? சோப்பு நுரைக்காது, தலை பிசுபிசுக்கும், பருப்பு வேக நேரமாகும், பாத்திரம் காய்ந்தால் வெள்ளைத் திரை நிற்கும். எழுதும் முன் ஒரு பயிற்சி செய்யுங்கள். மூன்று பாத்திரத்தில் ஒவ்வொரு லிட்டர் நல்ல தண்ணீர்; அரை கிராம், ஒரு கிராம், இரண்டு கிராம் உப்பு. முதலாவது "ஏதோ ஒரு மாதிரி" என்று மட்டும் தோன்றும், உப்பு என்று சொல்லத் தோன்றாது. மூன்றாவதைக் குடிக்க மனம் வராது. ஒவ்வொன்றிலும் டீ போட்டுப் பாருங்கள். அந்த மூன்று டீயையும் மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து வைத்தால் கதையின் கால அளவு உங்கள் கையில். முதல் ஆண்டு விருந்தாளி டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிறார், காரணம் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு அஞ்சம்மாளே யாருக்கும் டீ போடுவதில்லை.

---

சாம்பல்நாரை

சேற்றுவயல் சொன்னதற்கு ஒரு சொல்கூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் முடிவைப் பற்றி யாரும் பேசவில்லை. நெட்டை ரகத் தென்னம்பிள்ளை காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு. மூன்று ஆண்டில் அதற்குத் தண்டே சரியாக எழும்பியிருக்காது, இடுப்புக்குக் கீழே மட்டை விரிந்து நிற்கும். முதல் காய் பறிக்கும் முடிவை எடுத்துவிடுங்கள். குட்டை ரகமாக மாற்றினால் மூன்று, நாலு ஆண்டில் சாத்தியம்தான். ஆனாலும் நான் மாற்றமாட்டேன். காய்க்காத பிள்ளைக்குத் தினமும் குடம் சுமப்பது கதைக்குப் பொருத்தம், அதுவும் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்ற கேள்வியோடு சேரும்போது.

பிழைத்து நின்ற மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாளை குருத்துக்குள் உருவாகத் தொடங்குவதிலிருந்து காய் முற்றும்வரை மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் புயலின் அடி மரத்தில் உடனே முழுவதும் தெரியாது. நின்ற மரம் என்று மகிழ்ந்தவருக்கு அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு பாளை சிறுத்துக் குரும்பை கொட்டும். விழுந்த தண்டுகளை அப்புறப்படுத்தாமல் விட்டால் அவை மட்கி, அதில் காண்டாமிருக வண்டு பெருகி, நின்ற மரத்தின் குருத்தையும் புதுப் பிள்ளையையும் துளைக்கும். விரிந்த மட்டையில் கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் ஓலை குறைந்திருந்தால் வண்டு வந்துவிட்டது என்று பொருள். புயல் இரண்டாம் ஆண்டில் வண்டாகத் திரும்பி வருவதைக் காட்டினால், இடையில் "இரண்டு ஆண்டுகள் கழித்து" என்று தலைப்புப் போட வேண்டியதில்லை.

இன்னொன்று, விழுந்த மரத்தைப் படிப்பது. தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டை அளவில் விடும். ஒவ்வொரு மட்டையும் விழுந்த இடத்தில் ஒரு வளையத் தழும்பு. தென்னைத் தண்டு வயதாக ஆகப் பெருக்காது. வறட்சியில் ஒடுங்கிய இடம் ஒடுங்கியபடியே நிற்கும், தழும்புகளும் அங்கே நெருங்கி இருக்கும். நிற்கும் மரத்தில் மேல்பகுதித் தழும்பு யார் கைக்கும் எட்டாது. விழுந்தால் எட்டும். அஞ்சம்மாள் தண்டோடு நடந்து, பன்னிரண்டு பன்னிரண்டாகத் தடவி எண்ணிக்கொண்டு போனால் அந்தக் குடும்பத்தின் நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் வரிசையாக வரும். கவனம்: மட்டை விரிந்து காய்ந்து விழ இரண்டரை, மூன்று ஆண்டு ஆகும். 2018-ல் கொண்டைக்கு அடியில் இருக்கும் முதல் தழும்பு ஏறத்தாழ 2015-ல் விரிந்த மட்டை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததே, அந்த வறட்சியைத் தழும்பில் தேடக்கூடாது. அது இன்னும் கொண்டைக்குள் இருக்கிறது. 2012 வறட்சியைத் தேடலாம்.

பறவைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பரில் குயிலைக் கூவ விடாதீர்கள், அது மாசி பங்குனிக்குப் பிறகு. கோடியக்கரைப் பக்கம் அந்த மாதத்தில் பூநாரையும் வலசை உள்ளான்களும் வந்திருக்கும்.

---

கடைமடை

மேலே எழுதிய மூவரோடும் நான் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். விவரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது; காரணம் நேர்மையாக இருக்க வேண்டும். காலநிலை பற்றிய தமிழ்க் கதைகளில் பெரும்பாலானவை தோற்பது இங்கே.

அஞ்சம்மாளின் அந்தக் கடைசி வசனம் ஏன் பொய்யாக ஒலிக்கிறது? சொல் கடினமாக இருப்பதால் இல்லை. 65 வயதுக்காரருக்கு 1977 நவம்பர் 12 புயலின்போது 24 வயது. தீபாவளியை ஒட்டி வந்த புயல் அது. அவருக்கு முன் தலைமுறை 1952 நவம்பர் 30 புயலைப் பார்த்தது. நாகைக் கரையில் புயல் புதிதல்ல என்பது ஊரில் எல்லோரையும்விட அவருக்குத்தான் தெரியும். புயல் வந்ததற்காக அவர் வானத்தைக் குறை சொல்லமாட்டார். "எழுவத்தேழுலயும்தான் அடிச்சிது. அன்னைக்கி இத்தன தென்னை ஏது, எல்லாம் பின்னாடி வச்சதுதானே" என்பார். அதில் ஒரு உண்மை இருக்கிறது: சேதம் என்பது காற்றின் வேகம் மட்டுமல்ல, காற்றின் பாதையில் நாம் எதை வைத்திருந்தோம் என்பதும்தான்.

அறிவியல் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். ஒரு குறிப்பிட்ட புயலை "இதனால் வந்தது" என்று யாரும் சொல்வதில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், கடல் சூடு புயலுக்குத் தீனி, கடல்மட்டம் உயர்ந்தால் அதே புயல் இன்னும் உள்ளே தண்ணீரைத் தள்ளும். வாய்ப்பும் அளவும் மாறுகின்றன. இதைக் கதையில் பாத்திரம் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். ஆனால் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் எதைச் சொல்லாமல் விடுவது என்று தெரியும்.

உப்பு விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. கடைமடையில் கிணறு உப்பானதற்குக் கடல் ஏறியது ஒன்று மட்டும் காரணமாகாது. ஆற்றில் வரும் நன்னீர் குறைந்தது, மேலே அணைகள் வண்டலைப் பிடித்துக்கொண்டது, மணல் அள்ளியது, ஆழ்குழாயில் அளவுக்கு மீறி இறைத்தது, இறால் பண்ணைகள் உவர்நீரை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தது எல்லாம் சேர்ந்திருக்கிறது. இறால் பண்ணை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996 டிசம்பரில் தீர்ப்பாகும் அளவுக்குப் பெரிய பிரச்சினை. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பழியை வானத்தின்மேல் போட்டால், பக்கத்து நிலத்தைப் பண்ணைக்குக் குத்தகைக்கு விட்டவர் கதையிலிருந்து தப்பித்துவிடுகிறார். சேற்றுவயல் சொன்ன அந்த வடிகால்காரர் அவராகவே இருக்கட்டுமே? அப்போது அஞ்சம்மாள் அவரிடம் போய் நிற்கும் காட்சிக்குக் கனம் கூடும். அவரையும் வில்லனாக்காதீர்கள். நெல் கைகொடுக்காமல் போன பிறகுதான் அவரும் குத்தகைக்கு விட்டிருப்பார்.

சுனாமியைக் கலக்கவே கலக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தால் வந்தது, காலநிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அஞ்சம்மாள் நினைவில் அது வரலாம், வரத்தான் செய்யும். ஒரே சங்கிலியின் கண்ணிபோல அதைக் கோப்பதுதான் தவறு.

---

உப்பாறு

எல்லோருக்கும் நன்றி. தோப்புக் காட்சியும் பங்குனி வெள்ளையும் இப்போதே கதையின் உருவத்தை மாற்றிவிட்டன. முடிவையும் எடுத்துவிடுகிறேன். இரண்டு சந்தேகம். திணை மரபை இதில் பயன்படுத்த முடியுமா, அல்லது அது வலிந்து ஒட்டியதாகுமா? இன்னொன்று, அஞ்சம்மாள் காற்றை என்ன பெயரில் சொல்வார்?

---

வடமராட்சிக்காரன்

காத்துப் பேருக்கு மட்டும் நான் சொல்லுறன். பொதுவாக வடக்கிலிருந்து வாறது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். எங்கட கரையிலும் இதே பேர்கள்தான் புழக்கம், திசையில் ஊருக்கு ஊர் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். அதனால புத்தகத்தைப் பார்த்து எழுதாமல், நீங்கள் களமாக எடுக்கிற கரையில் கடலுக்குப் போற ஒருவரை வடக்கு பார்க்க நிற்கவைத்து, கையால திசை காட்டச் சொல்லிக் கேளுங்கோ.

ஒன்றைக் கவனியுங்கோ அண்ணை. இந்தப் பேர்கள் கடல்தொழில் செய்யிறவையின்ர வாயில இயல்பாக வரும். அஞ்சம்மா வயல்காரி எண்டால் வாடையைத் தவிர மற்றப் பேர்களை அவ்வளவாகப் பாவிக்கமாட்டா. அவ "வடக்கால", "கடப்பக்கமா" எண்டு சொல்லக்கூடும். மீன்காரர் ஒருவரைக் கதைக்குள்ள கொண்டுவந்து, அவர் "சோழகம் திரும்பிட்டுது" எண்டு சொல்ல, அவவுக்கு அது விளங்க ஒரு கணம் பிடிக்கட்டும். அந்த ஒரு கணத்துக்குள்ள தண்ணி வந்திடும்.

---

மருதநிலா

திணையைக் கேட்டதால் வருகிறேன். வலிந்து ஒட்டினால் ஒட்டியதாகவே தெரியும், சந்தேகமில்லை. "நெய்தல் மகள்" மாதிரி தலைப்பு வைப்பது, பாத்திரத்துக்குத் தாழை என்று பெயரிடுவது எதுவும் வேண்டாம். ஆனால் தொல்காப்பியம் வைத்திருக்கும் வேலை ஒழுங்கு இந்தக் கதைக்கு அப்படியே உதவும். முதற்பொருள் நிலமும் பொழுதும். அதற்குப் பிறகு கருப்பொருள்: மரம், புள், விலங்கு, உணவு, தொழில். உணர்ச்சியான உரிப்பொருள் இந்த இரண்டின்மேலும் நிற்கிறது. உங்கள் பத்தி முதல் வரியிலேயே உரிப்பொருளைக் கொட்டுகிறது, நிலமும் பொழுதும் பின்னால் ஓடிவருகின்றன. கரிச்சான் செய்த திருத்தம் முழுவதும் முதற்பொருள் திருத்தம்தான். சேற்றுவயலும் சாம்பல்நாரையும் செய்தது கருப்பொருள்.

உங்கள் கதை உண்மையில் ஒரு மருதம் நெய்தலாகத் திரியும் கதை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்லும் அந்தத் திரிபு இங்கே வேறு திசையில் நடக்கிறது. இதைக் காட்ட ஒரு நடைமுறை வழி: ஒரு தாளில் முதல் ஆண்டின் கருப்பொருள்களை வரிசையாக எழுதுங்கள். நெல், தென்னை, கொல்லைக் கீரை, மாடு, நாற்று பறிக்கும் வேலை. பக்கத்தில் மூன்றாம் ஆண்டுக்கு எது எதுவாக மாறும் என்று எழுதுங்கள். வரப்பில் அருகம்புல் இருந்த இடத்தில் உவர்நிலச் செடியான உமரி. வயலில் நாற்று பறித்தவர் உப்பளத்தில் கூலிக்குப் போகிறார். மாடு விற்றாயிற்று, ஆடு இருக்கிறது. ஒவ்வொரு காட்சியிலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைச் சுட்டிக்காட்டாமல். உமரியை அஞ்சம்மாள் முதல்முறை பிடுங்கிப் போடுவார். மூன்றாம் ஆண்டு ஆடு மேயட்டும் என்று விட்டுவிடுவார். அந்த மாற்றத்தில் அவர் மனநிலை முழுவதும் இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை: "கடல் சீற்றம் கொண்டது", "இயற்கை பழிவாங்கியது" போன்றவற்றை வெட்டுங்கள். சங்கப் பாட்டில் உள்ளுறையாக, அதாவது மறைபொருளாக, நிற்கும் கொக்கும் கெண்டையும் தம் வேலையை மட்டும்தான் செய்யும். அவற்றுக்குக் கவிஞர் கோபமோ கருணையோ ஏற்றுவதில்லை. அதனால்தான் நாம் அங்கே மனிதர் கதையைப் பார்க்கிறோம்.

---

கரிச்சான்

தகவல் எவ்வளவு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. என் கணக்கு இது: முன்னூறு சொல்லுக்கு ஒரு புதுத் தகவல், அதுவும் யாராவது அதை வைத்து ஏதாவது செய்தால் மட்டும். மூவாயிரம் சொல்லில் பத்துக்கு மேல் தாங்காது. இந்த இழையில் மட்டும் முப்பதுக்கு மேல் வந்துவிட்டது, ஆகவே மூன்றில் இரண்டு வெளியே போக வேண்டும். ஒரு தகவலை வைத்துக்கொள்வதா என்று தெரிய, அது இல்லாமல் அந்தக் காட்சியில் அஞ்சம்மாள் வேறு மாதிரி நடந்திருப்பாரா என்று பாருங்கள். ஜிப்சம் நிற்கும், ஏனென்றால் அது அவரை வடிகால்காரர் வாசலுக்குக் கொண்டுபோகிறது. ஏழு சதவீத ஈரம் நிற்காது. புயல் கூண்டு எண்ணும் அப்படித்தான். எட்டு முதல் பத்து வரை பேரபாயம், பதினொன்று தகவல் தொடர்பே அற்றுப்போனது என்பதெல்லாம் துறைமுகத்தில் இருப்பவருக்கு. உள்ளே மூன்று மா நிலத்துக்காரருக்கு ஊர் ஒலிபெருக்கி போதும்.

உங்கள் தொடக்கத்தை இந்த இழையில் வந்ததை வைத்து எழுதிப் பார்த்தேன். அப்படியே எடுக்கவேண்டாம், அளவுக்காக மட்டும்:

"வடக்குக் காற்று நின்றபோது அஞ்சம்மாளுக்குக் காது அடைத்தது. விளக்கு அணைந்து எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. கையால் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஓடு காலில் இடறியது. தோப்புப் பக்கம் யாரோ பேசினார்கள், வெகு பக்கத்தில் கேட்டது. நடுவில் மரங்கள் இருந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்காது. 'விட்டுடுச்சுக்கா' என்றான் கணேசன். மீன்காரர் மட்டும் பேசாமல் தெற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்."

இதில் வயல் இல்லை, உப்பு இல்லை. வயலை முதல் இரவில் காட்டவே வேண்டாம், இருட்டில் யாரும் பார்த்திருக்க முடியாது.

எழுதி முடித்ததும் ஒரு கடைசிச் சோதனை: கதையில் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் ஓரத்தில் தமிழ் மாதம், பயிரின் வயது, கிணற்று மட்டம், நிலவு, வீட்டில் மின்சாரம் உண்டா என்று ஐந்தையும் பென்சிலில் குறியுங்கள். புயலுக்குப் பிறகு மின்சாரம் திரும்பிய நாள் ஊருக்கு ஊர் வாரக்கணக்கில் மாறியது, அதைச் செய்தித்தாளில் தேடாமல் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களிடமே கேளுங்கள். மோட்டார் ஓடாத நாட்களில் அஞ்சம்மாள் எந்தத் தண்ணீர் குடித்தார் என்பது அதைப் பொறுத்தது.